கடாரத்துக்குக் கொஞ்சம் முன்னால்

இழு, இந்த இழுப்பில் அவன் முன்பல் இரண்டு போனது, விடு, முழங்காலை மடக்கி முன்னால் வழுக்கிப் போ, மறுபடி இழு, இது தாடைக்கு, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் நான் துடுப்பு போடுகிறேன் என்பது என் காதுக்குள் சிரித்துக்கொண்டிருக்கும் மூன்று பேருக்கும் தெரியாது. தாட்சாயணி இன்றைக்கு நல்ல வேகத்தில் இருக்கிறாள் என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். துடுப்பு என்று சொல்வதும் ஒரு மரியாதைக்குத்தான். இரும்புத் தண்டவாளம் ஒன்று, அதன்மேல் சறுக்குகிற ஒரு சீட்டு, முன்னால் கூண்டுக்குள் ஒரு காத்தாடி, கூண்டின் ஓட்டையிலிருந்து வருகிற சங்கிலியின் நுனியில் ஒரு கைப்பிடி, அவ்வளவுதான் படகு. திருச்சியில் அண்ணன் வீட்டுப் பின்னறையில், அரிசி மூட்டைக்கும் இஸ்திரி போடாத துணிமூட்டைக்கும் நடுவே, காற்றாடக்கூட வழியில்லாத இடத்தில் உட்கார்ந்து நான் வங்காள விரிகுடாவைக் கடந்துகொண்டிருக்கிறேன். நாலு பேர், நாலு ஊர், நாலு மெஷின். போனில் ஒரு கடல் வரைபடம், அதில் ஒரு சிவப்புப் படகு. யார் எங்கே உட்கார்ந்து இழுத்தாலும் இழுத்த தூரத்துக்குப் படகு நகரும். நாகப்பட்டினத்தில் கிளம்பியது, கடாரத்துக்குப் போகிறது. இன்றைக்குக் கரையைத் தொட்டுவிடலாம் என்று காதில் இயர்போனோடு நாலு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்கிறோம். கரை தட்டும்வரை ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது, எந்திரித்தால் காலை முழங்காலோடு வெட்டிச் சுறாவுக்குப் போடுவேன் என்று கேப்டன் வின்சி சொல்லிவிட்டாள். நாகர்கோவிலில் பல் டாக்டர் அவள். காலையெல்லாம் பல்லைப் பிடுங்கிவிட்டு மத்தியானம் காலை வெட்டுகிறேன் என்கிறாள். எங்கள் குழுவின் பெயர் ஓட்டைப் படகு.

ஹாலில் அவன் வந்து உட்கார்ந்துவிட்டான். செருப்பை வாசலில் ஜோடியாக, நேராக வைத்திருப்பான், அதைப் பார்க்காமலேயே எனக்குத் தெரியும். அப்பா இருக்கிறார், அண்ணன் இருக்கிறான், பேச்சுவார்த்தை நடத்திவைக்க மாமா லால்குடியிலிருந்து வந்திருக்கிறார். என்னை இன்றைக்கே காரில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்புவதா, நல்ல நாள் பார்த்து அனுப்புவதா என்பதுதான் பேச்சு. அனுப்புவதா வேண்டாமா என்பது பேச்சே இல்லை. சமையலறையில் அம்மா கேசரி கிளறுகிறாள், நெய் வாசனை கதவு இடுக்கு வழியாக வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. என் விலா எலும்பை உடைத்தவனுக்கு முந்திரி போட்டுக் கேசரி. இழு. அந்தக் கேசரி கொதிக்கும்போதே எடுத்து அவன் மடியில் கொட்ட வேண்டும், விடு, நெய்யோடு கொட்டினால் ஒட்டிக்கொள்ளும், இழு, தண்ணீரை ஊற்றினாலும் போகாது. என்ன பிள்ளே மூச்சு இப்படி வாங்குது என்று காதில் வின்சி கேட்கிறாள். ஒருத்தனை வறுத்துக்கொண்டிருக்கிறேன் என்கிறேன். உப்புப் போட்டியா என்கிறான் பொழிலன். அவன் கோயம்புத்தூரில் ஐ.டி.யில் இருக்கிறவன், வாரம் ஒருமுறை கேப்டனுக்கு எதிராகக் கலகம் செய்வான், வாரம் ஒருமுறை அவனைப் பாய்மரத்தில் தூக்கில் போடுவோம். இந்தப் படகில் வெட்டு, குத்து, கழுத்தறுப்பு தவிர வேறு பேச்சே கிடையாது. கீழக்கரையில் மளிகைக்கடை வைத்திருக்கும் ரஹ்மத்துல்லா பாய், எறும்பைக்கூட ஊதித் தள்ளுகிற மனுஷன், சர்க்கரை வியாதிக்காக மகன் வாங்கி அனுப்பிய மெஷினில் உட்கார்ந்துகொண்டு எல்லாருடைய குடலையும் உருவி மாலை போட்டுக்கொள்வதாகச் சொல்வார். நான் இந்த எட்டு மாதத்தில் இவர்களிடம் சொன்ன வெட்டு, குத்து எல்லாம் உண்மை, ஒரு வார்த்தைகூட விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

அவன் கத்தவே மாட்டான், அதுதான் யாருக்கும் புரியவில்லை. அடிக்கிறவன் என்றால் குடித்துவிட்டு, வேட்டி அவிழ, தெருவில் நின்று கத்துவான் என்று இவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் புருஷன் கோகுலநாதன் குடிக்க மாட்டான். குளித்துவிட்டு வருவான், துண்டைக் கொடியில் சுருக்கமில்லாமல் போடுவான், உட்கார், கொஞ்சம் பேசணும் என்பான். முதல் தடவை நான் உட்கார்ந்தேன். ஈரக்கை, காதோடு சேர்த்து விழுந்தது, ஒரு நாள் முழுக்கக் காதுக்குள் பிரஷர் குக்கர் விசில் மாதிரி ஒன்று நிற்கவே இல்லை. எதற்கு அடித்தான் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன், சாம்பாரில் புளி ஜாஸ்தி, இல்லை, போனில் சிரித்தேன், இல்லை, பக்கத்து ஃப்ளாட்காரரிடம் லிஃப்ட்டில் பேசினேன், எதுவாக இருந்தாலும் அடுத்த முறை அதைச் செய்யாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே கை ஓங்கத் தோன்றுகிறது. இரண்டாவது தடவை சுண்டுவிரலைப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கினான், மடக்கிக்கொண்டே கரண்ட் பில் கட்டியாச்சா என்று கேட்டான். அந்த விரல் இன்னும் மழைக்கு வலிக்கும், இப்போதும் கைப்பிடியில் அது மட்டும் மடங்காமல் தனியாக நீட்டிக்கொண்டிருக்கிறது. மாமாவிடம் சொன்னபோது, அடிக்கிற கைதான் அணைக்கும் பாப்பா என்றார். அந்தக் கை எப்படி அணைக்கும் என்று எனக்குத் தெரியும் மாமா, அடித்த அன்றைக்கு ராத்திரியே அணைக்கும், வேண்டாம் என்று சொன்னாலும் அணைக்கும். அதை மாமாவிடம் எப்படிச் சொல்வது. இழு. மணிக்கட்டு. இழு. முழங்கை. கோழிக்கால் மாதிரி எதிர்ப்பக்கமாகத் திருப்பினால் டப்பென்று வந்துவிடும். பாய் காதில் ஏதோ பாட்டு முனகுகிறார், சுருதி என்பது அவருக்கு ஜென்மப் பகை, நிறுத்துங்க பாய் மீனெல்லாம் செத்து மிதக்குது என்கிறான் பொழிலன். நான் சிரிக்கிறேன். ஒரு பக்கம் அவன் முழங்கையைத் திருப்பிக்கொண்டே இன்னொரு பக்கம் சிரிக்கிறேன், பைத்தியம் பிடிப்பது இப்படித்தான் தொடங்குமோ என்று பயமாக இருக்கிறது.

பாயின் பாட்டு என்றால் ஒப்பாரி. அது இந்தப் படகின் சட்டம். அன்றன்றைக்கு யார் எல்லாரையும்விடக் குறைவாக இழுத்தார்களோ அவர் செத்தார் என்று கணக்கு, கடலில் எறிந்துவிட்டோம் என்று கணக்கு, சாயங்காலம் மற்ற மூன்று பேரும் ஒப்பாரி வைத்துக் குரல்பதிவு அனுப்ப வேண்டும், செத்தவர் மறுநாள் காலையில் மெஷினில் ஏறினால் உயிர்த்தெழுந்தார். சென்னையில் எங்கள் அடுக்குமாடியின் ஜிம்மில் யாரும் தொடாமல் தூசி படிந்து கிடந்த மெஷினில்தான் நான் இழுத்துக்கொண்டிருந்தேன். அவன் ஆபீஸ் போனதும் இறங்குவேன், ஒரு மணி நேரம், என் நாளில் நான் மூச்சு விட்ட நேரம் அதுதான். அன்றைக்கு அவன் ஆபீஸ் போகவில்லை. தினமும் கீழே யாரிடம் போய்ப் பேசிச் சிரிக்கிறாய் என்று மெதுவாகக் கேட்டான். நான் பாத்ரூம் வாசலில் நின்றிருந்தேன், விழுந்தேன், எழுந்திருக்கப் பார்த்தபோது காலால். வெறுங்கால்தான். குதிகால். உள்ளே ஏதோ அப்பளம் மாதிரி நொறுங்கிய சத்தம் எனக்கு வெளியிலிருந்து கேட்டது. பிறகு அவன் குளித்தான், என்னைத் தாண்டிப் போய்க் குளித்தான், தண்ணீர் என் முடிமேல் ஓடியது, சோப்பு நுரையோடு. சாயங்காலம் அவன் காய்கறி வாங்கக் கிளம்பியதும் சுவரோடு சாய்ந்து போனை எடுத்தேன். மூன்று ஒப்பாரி வந்து கிடந்தது. அன்று நான் ஒரு இழுப்பும் இழுக்கவில்லை அல்லவா. நடுக்கடலில் விட்டுப்புட்டு நாயகியே போனியளே, உப்புத்தண்ணி குடிச்சுக்கிட்டு உறங்கத்தான் போனியளே, சுறாமீனு கடிக்கையில சும்மாவா கெடந்தியளே, ஒரு வார்த்தை எங்களுக்கு ஓலையில அனுப்பலியே என்று பாய் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதிருந்தார், வின்சி தன்னுடையதில் மாரில் அடித்துக்கொள்ளும் சத்தத்துக்குத் தலையணையைத் தட்டியிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் விலாவில் கத்தி இறங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், கண்ணீர் கொட்டியது, எனக்கே எது எதென்று தெரியவில்லை. திரும்பத் திரும்ப அதையே போட்டுக் கேட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தபோதுதான் அது உறைத்தது. இவன் என்னை இன்று கொன்றிருந்தாலும் இவர்கள் இதே பாட்டைத்தான் பாடியிருப்பார்கள், நாளைக்கு உயிர்த்தெழுவாள் என்று சிரித்துக்கொண்டே படுக்கப் போயிருப்பார்கள், நாளை மறுநாளும் பாடுவார்கள், என் பிணம் நாறிப்போன பிறகும் ஒரு ஆள் சந்தேகப்பட மாட்டான். அந்தப் பயம் எனக்கு அவன் காலைவிடப் பெரிதாக இருந்தது. மறுநாள் அவன் ஆபீஸ் போனதும் துப்பட்டாவை விலாவைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பாடியவர்களுக்கு இன்றுவரை தெரியாது.

அவர்களிடம் ஊருக்கு வந்துவிட்டேன், இங்கே மெஷின் இல்லை என்று மட்டும் சொன்னேன். படகை நிறுத்திவிட்டார்கள். நிஜமாகவே நிறுத்தினார்கள், ஒருத்தரும் ஒரு இழுப்பும் இழுக்கவில்லை, சிவப்புப் படகு அந்தமானுக்குக் கொஞ்சம் மேற்கே அப்படியே கிடந்தது. ஆள் குறைந்தால் படகு நகராது என்று வின்சி சட்டம் போட்டாளாம். ஒரு மாதம் கழித்து ஒரு மினி லாரி வாசலில் வந்து நின்றது, உறையூரில் இழுத்து மூடிய ஏதோ ஜிம்மின் பழைய மெஷின், பொழிலன் தேடிப் பிடித்து அனுப்பியிருந்தான், கூண்டில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது, அடிமைக்கு ஒரு துடுப்பு என்று. அண்ணி இதை எங்கே வைக்கிறது என்றாள். அண்ணன், பொம்பளைக்கு எதுக்கு இது, புருஷன் வீட்டுக்குப் போகப்போறவ என்றான். போகப்போகிறவள், போகப்போகிறவள், மூன்று மாதமாக இந்த வீட்டில் என் பெயர் அதுதான். எக்ஸ்ரே படத்தை அப்பா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், மறுபடி உறையில் போட்டார், பீரோவுக்குமேல் வைத்தார், ஒரு மாசத்துல கூடிடும்னு டாக்டரே சொல்லிட்டாரேம்மா என்றார். அப்பா யாரையும் அடித்ததில்லை. தட்டைத்தான் எறிவார். சோற்றோடு எறிவார், அம்மா பெருக்குவாள், பெருக்கிவிட்டு வேறு தட்டில் போடுவாள், நான் அதைப் பார்த்துக்கொண்டே மோர்சாதம் சாப்பிட்டு வளர்ந்தேன். அந்தத் தட்டு எந்தக் காலத்திலாவது அம்மாவின் நெற்றியில் பட்டிருந்தால் இந்த வீடு என்ன செய்திருக்கும், ஒன்றும் செய்திருக்காது, நெற்றியில் மஞ்சள் அப்பிக்கொண்டு கேசரி கிளறியிருப்பாள். இழு. அப்பாவையும் சேர்த்தா. அப்பாவை வேண்டாம். இழு. அப்பாவின் தட்டை மட்டும் இரண்டாக. கை எரிகிறது, உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து கைப்பிடி பிசுபிசுக்கிறது, நல்லது, இந்த வலி நான் எனக்குக் கொடுத்துக்கொண்டது, இதற்கு யாரிடமும் காரணம் கேட்க வேண்டியதில்லை. போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் துடுப்பு போட வேண்டும் என்று வின்சி முதல் நாள் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தேன். எனக்கு அது பழக்கம்தான்.

பாப்பா, மாப்பிள்ளை கூப்பிடறாருடா, வந்து ஒரு வார்த்தை பேசிட்டுப் போ என்று மாமா குரல் கொடுக்கிறார். வருகிறேன் என்கிறேன், எழுந்திருக்கவில்லை. காதில் பொழிலன், கரை தெரியுது, கரை தெரியுது என்கிறான். அது கரையில்லை உன் தொப்பை என்கிறாள் வின்சி. படகுக்கும் கடாரத்துக்கும் நடுவே போனில் ஒரு விரல் அகலம்கூட இல்லை. எழுந்து போனால் என்ன ஆகும் என்று தெரியும். ஹாலில் நிற்பேன், நாலு ஆம்பிளைகள் உட்கார்ந்திருப்பார்கள், கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போம்மா என்று அப்பா சொல்வார், அவன் தலையைக் குனிந்துகொண்டு என் மேலயும் தப்பு இருக்கு மாமா என்பான், அந்தக் குனிந்த தலையைப் பார்த்து எல்லாருக்கும் மனசு இளகிவிடும், என் வாயும் அதன் பழக்கத்துக்குச் சரி என்று சொல்லிவிடும். என் வாயைத்தான் நான் நம்பவில்லை. கையை நம்பலாம், கை எட்டு மாதமாக வேலை செய்திருக்கிறது. வாயைத் திறக்காமல் இருக்க வேண்டுமானால் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த மெஷினில் இருக்கும்வரை நான் சென்னைக்குப் போகவில்லை, இறங்கினால் போகிறேன், என் உயிர் இந்த ஒரு சீட்டு அகலத்தில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே போனால் அடுத்தது விலாவாக இருக்காது. கழுத்தாக இருக்கும்.

கதவு திறக்கிறது. சத்தமில்லாமல் திறக்கிறவன் ஒரே ஆள்தான். அவனே வந்துவிட்டான். இஸ்திரி போட்ட வெளிர்நீலச் சட்டை. உள்ளே வந்து கதவைச் சாத்துகிறான், என்னைப் பார்த்துச் சிரிக்கிறான், நான் சீட்டில் அவன் பக்கமாக வழுக்கிப் போகிறேன், விலகி வருகிறேன், போகிறேன், வருகிறேன், உடம்பு இழுக்கிறது. எனக்கு அவனைப் பார்த்துப் பயமாக இருக்கிறது. இவ்வளவு நேரம் மனசுக்குள் அவனைத் துண்டு துண்டாக வெட்டியவளுக்கு, ஒரு முழு ஆளாக எதிரில் வந்து நின்றதும் மூத்திரம் முட்டுகிறது. என் காதில் மாட்டியிருப்பதைக் கவனித்தானா தெரியவில்லை. மெதுவாக, அன்பாக, டாக்டர் நோயாளியிடம் பேசுகிற மாதிரி பேசுகிறான்.

"சிரிச்ச மூஞ்சியோட வந்து கார்ல உக்காரு. இவங்க முன்னாடி என்னைத் தலைகுனிய வச்சதுக்கு வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். போன தடவை ஒரு எலும்போட விட்டேன்."

காதுக்குள் சிரிப்பு நின்றுவிட்டது. பாயின் காத்தாடிச் சத்தம் நிற்கிறது, பொழிலனுடையது நிற்கிறது. வின்சியுடையதும் நிற்கிறது. நான் மட்டும் இழுக்கிறேன். நிறுத்துடி இதை என்கிறான், அதுவும் மெதுவாகத்தான், நான் நிறுத்தவில்லை, அவன் மெஷினின் முன்பக்கம் போய்க் குனிகிறான், கூண்டின் பக்கவாட்டில் தடவுகிறான், இதுக்கு சுவிட்ச் எங்க இருக்கு என்று கேட்கிறான். இதற்கு சுவிட்ச் கிடையாது, கரண்டும் கிடையாது, ஆள் இழுத்தால்தான் ஓடும் என்பது அவனுக்குத் தெரியவில்லை. சென்னையில் நான் எங்கே போகிறேன், யாரோடு சிரிக்கிறேன் என்று துப்புத் துலக்கியவன் அந்த மெஷினை ஒருமுறைகூட வந்து பார்த்ததில்லை. இன்னும் குனிகிறான். சங்கிலி உள்ளே போகிற ஓட்டைக்கு நேராக அவன் முகம். நான் பின்னால் முழுக்கச் சாய்ந்திருக்கிறேன், கைப்பிடி என் நெஞ்சில், சங்கிலி முழு நீளத்துக்கு விறைத்து நிற்கிறது. கைப்பிடியை இந்த இடத்தில் விட்டால் சங்கிலி அதை வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொள்ளும், வந்த புதிதில் ஒருமுறை தெரியாமல் விட்டு அது கூண்டில் ஒரு சில்லைப் பெயர்த்திருக்கிறது. கை வியர்வையில் வழுக்கிவிட்டது என்று பிறகு சொல்லலாம், எல்லாரும் நம்புவார்கள். வழுக்கவில்லை. நான் அவன் மூக்கைப் பார்த்தேன், விட்டேன்.

பச்சைத் தேங்காயைத் தரையில் போட்ட சத்தம். அவன் கத்துகிறான். அட, இவனுக்குக் கத்தத் தெரிகிறது. வெளிர்நீலச் சட்டையில் ரத்தம் கொட்டுகிறது, அரிசி மூட்டைமேல் கொட்டுகிறது, விரல் இடுக்கு வழியாக, கேசரிக்குக் கலர் போட்ட மாதிரி அவ்வளவு பளிச்சென்று, எனக்கு அது பிடித்திருக்கிறது, இன்னொரு தடவை விட வேண்டும்போல இருக்கிறது, கைப்பிடியைத் தேடி என் கை தானாகவே முன்னால் போகிறது, அதைப் பார்த்து அவன் பின்னால் நகர்கிறான், துணிமூட்டையில் தடுக்கி உட்காருகிறான். கையை மடியில் போட்டு, இன்னொரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். கதவு படாரென்று திறக்கிறது. மாமா ஓடி வருகிறார், அண்ணன் ஓடி வருகிறான், முட்டிவலிக்காரர் அப்பா ஓடி வருகிறார், அம்மா கரண்டியோடு ஓடி வருகிறாள். நான் துப்பட்டா கட்டிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அன்று இந்த வீட்டில் ஒருத்தரும் ஓடவில்லை, உட்காரு, காப்பி குடி என்றார்கள். ஐயோ மாப்பிள்ளை, ஐயோ மாப்பிள்ளை என்று நாலு பேரும் அவனைச் சுற்றி நிற்கிறார்கள். அண்ணன் அவன் தலையை நிமிர்த்திப் பிடிக்கிறான், அம்மா முந்தானையை நனைத்து வைக்கிறாள். பிரிச்சுக் கூட்டிட்டுப் போங்க என்னை, இவகிட்டேருந்து கூட்டிட்டுப் போங்க என்று அவன் மூக்கடைத்த குரலில் சொல்கிறான். இவ எனக்கு வேணாம், இவளோட ஒரு ராத்திரி என்னால படுக்க முடியாது. அப்பா என்னைப் பார்க்கிறார், ரத்தத்தைப் பார்க்கிறார், மாமாவைப் பார்க்கிறார். மாமா தொண்டையைச் செருமிக்கொள்கிறார்.

"இது சரிப்பட்டு வராது அத்தான். ரெண்டும் ஒரே வீட்ல இருந்தா உயிருக்கே ஆபத்து. பிரிச்சு விட்டுடறதுதான் புத்திசாலித்தனம்."

ஆமாம் என்று அப்பா தலையாட்டுகிறார். ஆமாம் என்கிறான் அண்ணன். ஆமாம், ஆமாம், அவ்வளவுதானா, இவ்வளவு சுலபமா இது. என் விலா எலும்பைப் படமாகவே எடுத்து வெளிச்சத்தில் காட்டினேன், கூடிவிடும் என்றார்கள். அவன் மூக்குக்குப் படம்கூடத் தேவைப்படவில்லை. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிகிறது, வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது, இந்த நாலு தலையையும் ஒன்றோடொன்று மோத வேண்டும்போல வருகிறது. அவனைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டு போகிறார்கள், போகிற வழியில் டாக்டர், ஆட்டோ, ஐஸ்கட்டி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அறையில் நான் மட்டும் சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், கால்கள் இன்னும் வாரில் கட்டியபடி. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. மிரட்டவும் இல்லை, அடிக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. அப்போதுதான் காதுக்குள் வின்சியின் குரல் வருகிறது. விளையாடுகிறபோது அவளுக்கு இருக்கும் குரல் இல்லை இது, வலிக்கிற பல்லோடு வந்து உட்கார்ந்த ஆளிடம் பேசுகிற குரலாக இருக்க வேண்டும்.

"மக்ளே, நாங்க எல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருக்கோம். உனக்கு எங்கயாவது அடிபட்டுச்சா?"

பட்டுச்சு என்கிறேன். எப்ப என்று கேட்கிறாள். நான் சொல்ல ஆரம்பிக்கிறேன்.